பதினாறு வருடத் தொழுகை பாக்கி: எங்கிருந்து தொடங்குவது?

கரைவலை | செவ்வாய், இரவு 11:42

அஸ்ஸலாமு அலைக்கும். சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டக் கரையோரம். இருப்பது சென்னையில். வயது 34.

பன்னிரண்டாம் வகுப்பு வரை உம்மாவின் பார்வையில் ஐந்து வக்தும் (சுப்ஹு, லுஹர், அஸர், மஃரிப், இஷா என்ற ஐந்து வேளையும்) தொழுதவன் நான். காலேஜுக்கு வந்தபின் வெள்ளிக்கிழமை ஜும்ஆ, ரமலான், பெருநாள், அவ்வளவுதான். தொழக்கூடாது என்று முடிவெடுத்தெல்லாம் விடவில்லை. ஒரு அஸர் போனது, நாளைக்கு என்று நினைத்தேன், அந்த நாளை வர 16 வருடம் ஆகிவிட்டது.

மகளுக்கு ஏழு வயது. மதரஸாவில் தொழுகை அட்டை கொடுத்திருக்கிறார்கள். வக்துக்கு ஒரு கட்டம். தொழுதால் டிக் போட்டு, இரவில் வாப்பா கையெழுத்துப் போட வேண்டும். நான் எந்த முகத்தோடு போடுவது? மூன்று நாள் போட்டேன், நாலாவது நாள் அவளோடு மஃரிபுக்கு நின்றேன். அது நடந்து 40 நாள் ஆகிறது. எல்லாம் நன்றாகத்தான் போனது.

போன வாரம் ஒரு நாள் மதியம் சும்மா இருந்தபோது கால்குலேட்டரை எடுத்தேன். 16 வருடம், 5,840 நாள், நாளுக்கு 5 வக்து என்றால் 29,200. தொழுத ஜும்ஆ 832-ஐக் கழித்தேன். ரமலானில் ஒழுங்காகத் தொழுதிருக்கிறேன், அதில் ஒரு 2,400. மீதி 25,968. அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. மறுநாள் சுப்ஹுக்கு எழுந்திருக்கவில்லை. 26 ஆயிரத்தோடு ஒன்று கூடினால் என்ன என்றுதான் மனசு சொன்னது. அதுதான் பயமாக இருக்கிறது.

கேள்வி இதுதான். இத்தனையும் களா செய்ய (விட்டதைத் திருப்பித் தொழ) வேண்டுமா, தவ்பா (பாவமன்னிப்புத் தேடுவது) போதுமா? செய்ய வேண்டும் என்றால் எப்படி? திட்ட நினைப்பவர்கள் திட்டுங்கள், ஆனால் பதிலையும் சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.

ஓதியவன் | புதன், காலை 6:10

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. கரையோரம் என்றால் ஷாஃபிஈயாகத்தான் இருப்பீர்கள். நம் மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) சட்டம் தெளிவு. ஃபர்ளை (கடமைத் தொழுகையை) விட்டால் களா கடமை. தூக்கம், மறதி போன்ற காரணத்தால் விட்டிருந்தால் சாவகாசமாகச் செய்யலாம், சீக்கிரம் செய்வது சுன்னத் (நல்லது, கட்டாயமில்லை). காரணமில்லாமல் விட்டிருந்தால் உடனடியாகச் செய்ய வேண்டும். சாப்பாடு, தூக்கம், பிழைப்பு, குடும்பக் கடமை போக மீதி நேரம் களாவுக்கு. இப்னு ஹஜர் ஹைதமீ போன்ற ஷாஃபிஈ அறிஞர்கள், அந்தப் பாக்கி இருக்கும்போது சுன்னத் தொழுவதே கூடாது என்கிற அளவுக்குச் சொல்கிறார்கள்.

கேட்கக் கடினமாக இருக்கும். ஆனால் இதில் ஒரு லேசும் இருக்கிறது. லுஹருக்கு முன்னும் பின்னும் சுன்னத் தொழும் நேரத்தில் ஒரு களாவைத் தொழுதுவிடலாம். புதிதாக நேரம் தேட வேண்டியதில்லை. வரிசைப்படி தொழுவதும் சுன்னத்துதான், கட்டாயம் இல்லை. நிய்யத்தில் (தொழுமுன் மனதில் வைக்கும் எண்ணத்தில்) தேதி வேண்டாம். 'ஃபர்ளான சுப்ஹைத் தொழுகிறேன்' என்றால் போதும்.

ஆதாரமா சுவனவழி | புதன், காலை 9:25

சகோதரரே, இல்லாத சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று குர்ஆன் (4:103) சொல்கிறது. நேரத்துக்கு முன் தொழுதால் செல்லாது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். வேண்டுமென்றே நேரம் தாண்டித் தொழுதால் மட்டும் எப்படிச் செல்லும்? தூங்கியவரும் மறந்தவரும் நினைவு வந்ததும் தொழட்டும் என்றுதான் ஹதீஸ் (நபிமொழி). வேண்டுமென்று விட்டவருக்கு அந்தச் சலுகை எங்கே இருக்கிறது? ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் இதைத்தான் சொன்னார். இப்னு தைமிய்யாவும் இதைத்தான் சொன்னார். உண்மையான தவ்பா, இனி விடாமல் தொழுவது, உபரித் தொழுகைகளை அதிகமாக்குவது. மறுமையில் ஃபர்ளில் குறை இருந்தால் நஃபிலைக் கொண்டு நிரப்பப்படும் என்று ஹதீஸ் இருக்கிறது. 26 ஆயிரத்தை மறந்துவிட்டு இன்றைய ஐந்தைப் பாருங்கள்.

ஓதியவன் | புதன், காலை 10:02

இப்னு ஹஸ்ம் பெரிய அறிஞர், மறுக்கவில்லை. ஆனால் நான்கு மத்ஹபும் ஒரு பக்கம் நிற்கும்போது அவரை மட்டும் எடுத்துக்காட்டுவது நியாயமா? நவவீ இமாம் தன் 'மஜ்மூ' நூலில் இந்த விஷயத்தில் அவரைப் பெயர் சொல்லியே மறுத்திருக்கிறார். மறந்தவன், குற்றமே செய்யாதவன், அவனே திருப்பித் தொழ வேண்டும் என்றால், வேண்டுமென்றே விட்டவனுக்கு விலக்கா? கடனை மறந்தவன் கட்ட வேண்டும், ஏமாற்றியவன் கட்ட வேண்டாம் என்பது போல் இருக்கிறது. அல்லாஹ்வின் கடன்தான் நிறைவேற்ற அதிகத் தகுதியானது என்று நபி (ஸல்) சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அகழ்ப் போரில் அஸர் தவறி, சூரியன் மறைந்தபின் தொழுதார்கள். அது தூக்கமும் இல்லை, மறதியும் இல்லை.

ஆதாரமா சுவனவழி | புதன், காலை 10:15

கடனைப் பற்றிய ஹதீஸ் நோன்பைப் பற்றியது. அகழ்ப் போர் யுத்த நெருக்கடி, அச்ச நேரத் தொழுகை சட்டமாவதற்கு முந்தைய சம்பவம். டிவி பார்த்துக்கொண்டு விட்டதற்கு அதை ஆதாரமாக்க முடியாது. இன்னொன்று. நான் சொல்வது சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதுதான் கடுமையான கருத்து. போனது போனதுதான், ஈடு கட்டவே முடியாது என்கிறார் இப்னு ஹஸ்ம். அந்தப் பயம் வேண்டும்.

தெருமுனை | புதன், காலை 10:40

தொழாதவன் காஃபிர் என்று ஹதீஸ் இருக்கிறது. முதலில் இவர் திரும்பக் கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொல்லட்டும், அப்புறம் களா பேசலாம்.

மட்டுறுத்துநர் | புதன், காலை 11:05

தெருமுனை, இது முதல் எச்சரிக்கை. அந்த ஹதீஸ் 'முஸ்லிம்' ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது, யாரும் மறைக்கவில்லை. அதை அஹ்மத் இமாம் நேர்ப்பொருளில் எடுத்தார் என்பதும், கடமை என்று ஒப்புக்கொண்டு சோம்பலில் விட்டவர் பெரும் பாவி, ஆனால் முஸ்லிம்தான் என்று அபூஹனீஃபா, மாலிக், ஷாஃபிஈ மூவரும் சொன்னார்கள் என்பதும் தெரிந்த விஷயம். நாற்பது நாளாகத் தொழுகிறேன் என்று வந்து நிற்பவரைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வார்த்தையா இது? இந்த மன்றத்தில் தனிநபருக்கு ஃபத்வா கிடையாது, தீர்ப்பும் கிடையாது.

கணக்குப்பிள்ளை | புதன், மதியம் 2:30

திண்டுக்கல் பக்கம், ராவுத்தர் குடும்பம், ஹனஃபி மத்ஹப். முதலில் தொழிலைக் காட்டிவிடுகிறேன். கரைவலை, உங்கள் கணக்கு தப்பு. ரமலானில் வரும் ஜும்ஆக்களை இரண்டு தடவை கழித்துவிட்டீர்கள். வருடத்துக்கு நாலு என்றால் 64 கூடும். 26,032. :)

விளையாட்டு இருக்கட்டும். எனக்கு 11 வருடப் பாக்கி இருந்தது. 2012-இல் ஆரம்பித்தேன். எங்கள் ஹஜ்ரத் (மார்க்க ஆசிரியர்) சொன்ன வழி: ஒவ்வொரு வக்திலும் அந்த வக்தின் ஃபர்ளோடு அதே வக்தின் களா ஒன்று. சுப்ஹோடு ஒரு சுப்ஹு, லுஹரோடு ஒரு லுஹர். ஹனஃபியில் வித்ரும் (இரவின் கடைசித் தொழுகை) சேரும், ஆக ஒரு நாளைக்கு 20 ரக்அத் (தொழுகையின் சுற்று). உங்களுக்கு 17-தான், வித்ரு உங்கள் மத்ஹபில் சுன்னத். நிதானமாகத் தொழுதாலும் மொத்தம் அரை மணி நேரம்தான், அதுவும் ஐந்தாகப் பிரிந்துவிடும். எங்களில் ஆறு வக்துக்குக் குறைவாகத் தவறியவர்தான் வரிசையாகத் தொழுதாக வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு வரிசை எல்லாம் என்றோ கைவிட்டுப் போய்விட்டது.

நிய்யத்து: 'என் மீது பாக்கியுள்ள சுப்ஹுகளில் முதலாவதை' என்று வைத்துக்கொள்வேன். ஒன்றைத் தொழுததும் அடுத்தது முதலாவதாகிவிடும். இந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எத்தனை பின்னால் நிற்கிறது என்று அது கேட்பதே இல்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று. பத்து பத்தாகக் கோடு. சூரியன் உதிக்கும்போதும், உச்சியிலும், மறையும்போதும் எங்களுக்குக் களா கூடாது, ஷாஃபிஈயில் அந்தத் தடை களாவுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று நாள் பாக்கியைத் தொழுதுவிடுவேன். நடுவில் எட்டு மாதம் ஒன்றுமே தொழாமல் கிடந்ததும் உண்டு. 2021 ஷஅபானில் (ரமலானுக்கு முந்தைய மாதம்) முடிந்தது. முடிந்த அன்று என்ன செய்வது என்று தெரியாமல் இன்னும் ஒரு சுப்ஹைத் தொழுதேன்.

பச்சைக்கொடி | புதன், மாலை 5:18

ஏன் இவ்வளவு கஷ்டம்? ரமலானின் கடைசி ஜும்ஆ அன்று நாலு ரக்அத் ஒரு முறைப்படி தொழுதால் வாழ்நாள் களா எல்லாம் தீர்ந்துவிடும் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருடா வருடம் வருகிறதே?

ஓதியவன் | புதன், மாலை 5:31

வருடா வருடம் வரும், வருடா வருடம் பொய். முல்லா அலீ காரீ அந்தச் செய்தியை இட்டுக்கட்டப்பட்டது என்று எழுதிவிட்டார். இந்தக் கடைசி ஜும்ஆ சங்கதிகளை மறுத்து லக்னோவின் அப்துல் ஹை 19-ஆம் நூற்றாண்டிலேயே தனி நூல் எழுதினார். இந்த ஒரு விஷயத்தில் நானும் சுவனவழியும் ஒரே கட்சி.

ஆதாரமா சுவனவழி | புதன், மாலை 5:33

ஆமாம். குறித்துக்கொள்ளுங்கள், அடிக்கடி நடக்காது.

நாலு பிள்ளைக்காரி | புதன், இரவு 10:20

பிள்ளைகள் தூங்கியபின் முழுதும் படித்தேன். ஆண்கள் இப்னு ஹஸ்மை இழுத்துப்போட்டுச் சண்டை பிடிக்கிறீர்கள். இந்த இழையில் ஒரு பெண்ணாவது எழுதியிருந்தால் கரைவலை காக்காவுக்கு (அண்ணனுக்கு) இவ்வளவு பயம் வந்திருக்காது.

களா எங்களுக்குப் புதிதல்ல. பதின்மூன்று வயதில் இருந்து ஒவ்வொரு ரமலானிலும் ஆறு ஏழு நோன்பு போய்விடும். மாதவிலக்கால் தொழாத நாட்களுக்குத் தொழுகை களா இல்லை, நோன்புக்கு உண்டு. ஏன் இந்த வித்தியாசம் என்று ஒரு பெண் நபியின் மனைவி ஆயிஷா நாயகியிடம் கேட்டபோது, நோன்பை களா செய்யும்படி எங்களுக்கு ஏவப்பட்டது, தொழுகையை ஏவப்படவில்லை என்றார்கள். அவ்வளவுதான், தத்துவம் பேசவில்லை. அதே ஆயிஷா நாயகிக்கே ரமலான் பாக்கி இருந்து, அடுத்த ஷஅபானில்தான் பிடிக்க முடிந்தது என்று புகாரியில் வருகிறது. ஆக வருடம் பூராவும் பாக்கியோடு நடமாடுவது எங்களுக்குச் சாதாரணம்.

எனக்கு நாலு பிரசவம். ஒரு ரமலானில் வயிற்றில், அடுத்ததில் மடியில். ஒரு கட்டத்தில் சேர்த்துப் பார்த்தால் 187 நோன்பு. சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் பென்சிலால் எழுதி வைத்தேன், மாமியார் பார்க்காத இடமாக. திங்கள், வியாழன் மட்டும். மழைக்காலத்தில் பகல் சின்னது, அப்போது வாரம் மூன்று. சஹருக்கு யாரையும் எழுப்ப மாட்டேன், பழைய சோறும் ஒரு வாழைப்பழமும். நோன்புக் கஞ்சி கிடையாது, தெருவில் யாருக்கும் தெரியாது, அஸர் நேரத்தில் விருந்தாளி வந்தால் டீ போட்டுக் கொடுத்துவிட்டு எனக்கு வயிறு சரியில்லை என்பேன். இரண்டே கால் வருடத்தில் முடிந்தது.

ஒரு கேள்வியும் இருக்கிறது. பிள்ளைக்காக விட்ட நோன்புக்குக் களாவோடு ஃபித்யாவும் (பரிகாரமாக ஏழைக்குக் கொடுப்பது) உண்டா? எங்கள் பக்கம் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

கிழக்கு வெயில் | வியாழன், காலை 7:45

இலங்கை கிழக்கு மாகாணத்திலிருந்து. இங்கே நாங்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ. தாத்தா (எங்கள் பக்கம் அக்காவை இப்படித்தான் சொல்வோம்) கேட்டதற்கு எங்கள் மௌலவி சொன்ன விளக்கம்: தனக்கு முடியாது என்று விட்டால் களா மட்டும். பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடும் என்று மட்டும் பயந்து விட்டால் களாவோடு நாளுக்கு ஒரு முத்து ஃபித்யா, அதாவது இரண்டு கையையும் சேர்த்து அள்ளும் அளவு அரிசி. காரணமில்லாமல் அடுத்த ரமலான் தாண்டினால் பிந்தியதற்கும் ஒரு முத்து. ஹனஃபியில் இந்த இரண்டு ஃபித்யாவும் இல்லை, களா மட்டும்தான். ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வது இதனால்தான், யாரும் பிழை சொல்லவில்லை.

கரைவலை நானாவுக்கு ஒரு குறுக்குப்பாதை, ஹலாலானதுதான். ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழுகைக்கு இமாம் இரண்டிரண்டாகத் தொழுவிக்கிறார் அல்லவா? ஷாஃபிஈயில் நஃபில் தொழும் இமாமின் பின்னால் ஃபர்ளு கூடும். நீங்கள் சுப்ஹு களா என்று நிய்யத்து வைத்து நில்லுங்கள். இருபது ரக்அத் பள்ளி என்றால் ஒரு இரவில் பத்து சுப்ஹு, ரமலான் முழுக்க முந்நூறு. ஹனஃபி ஆட்கள் இதைச் செய்ய வேண்டாம், அவர்களுக்குக் கூடாது.

கணக்குப்பிள்ளை | வியாழன், காலை 8:15

முதல் தடவையாக மத்ஹப் மாறலாமா என்று யோசிக்கிறேன். முடிந்துபோன பிறகு சொல்கிறீர்களே!

மூணாவது ஷிஃப்ட் | வியாழன், காலை 6:50 (சவூதி நேரம்)

நான் எழுதுவது பாக்கி முடித்தவன் கதை இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பள்ளிவாசல்கள் நிறைந்த நாட்டில் இருந்துகொண்டே தொழாதவன். ஊரில் இருப்பவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். பாங்கு காதில் விழாத நேரமே இல்லை. ஆனால் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்தால் உடம்பு கட்டையாகக் கிடக்கும். தூங்கி எழுந்தால் லுஹரும் அஸரும் போயிருக்கும், சரி, தூக்கம்தானே, காரணம் இருக்கிறதே என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்வேன். கைபர் போரிலிருந்து திரும்பும்போது நபியும் தோழர்களும் பிலாலைக் காவல் வைத்துவிட்டு எல்லோரும் தூங்கிப்போய் வெயில் பட்டு எழுந்த சம்பவத்தை எத்தனை தடவை சாக்குக்கு இழுத்திருப்பேன்! அவர்கள் காவல் வைத்துவிட்டுத் தூங்கினார்கள். நான் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கினேன்.

கரைவலை பாய், அந்த ஒரு சுப்ஹு போனது என்றீர்களே, '26 ஆயிரத்தோடு ஒன்று' என்று. அந்த வாக்கியம் என்னிடம் ஏழு வருடமாக இருக்கிறது.

வளையல்கடை | வியாழன், காலை 11:00

இழை தொழுகையைப் பற்றியது, இருந்தாலும் ஒன்று. மனைவியின் 40 பவுனுக்குப் பத்து வருடமாக ஜகாத் கொடுக்கவில்லை. ஹனஃபி. போட்டுக்கொள்ளும் நகைதானே என்று இருந்துவிட்டோம். இதிலும் களா உண்டா?

கணக்குப்பிள்ளை | வியாழன், மதியம் 1:12

ஜகாத்தில் நேரம் போய்விட்டது என்ற பேச்சே இல்லை. அது ஏழையின் பங்கு, கொடுக்கும் வரை உங்கள் கையில் இருக்கும் அடுத்தவர் சொத்து. ஹனஃபியில் போடும் நகைக்கும் ஜகாத் உண்டு. 11 பவுனைத் தொட்டால் நிஸாப் (ஜகாத் கடமையாகும் அளவு) வந்துவிடும். ஷாஃபிஈயில் வீண் ஆடம்பரமில்லாத, போடும் நகைக்கு இல்லை, அதனால் கரையோரத்து அக்காமார் சொல்வதைக் கேட்டு நீங்கள் சும்மா இருக்க முடியாது.

நூற்றுக்கு இரண்டரை. முதல் வருடம் 40 பவுனுக்கு 1 பவுன். அதைக் கடனாகக் கழித்துவிட்டு இரண்டாம் வருடம் 39-க்குப் பார்க்க வேண்டும். இப்படியே பத்து வருடம் போனால் மொத்தம் 9 பவுனுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இன்றைய விலையில் தவணையாகக் கொடுக்கலாம். நகை அவருடையது என்றால் கடமையும் அவருடையது, ஊரில் உள்ள ஆலிமிடம் இருவரும் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வீடு | வியாழன், இரவு 9:30

போன வருடம் அம்மா மவுத்தானார்கள். ஹனஃபி குடும்பம். ஜனாஸா எடுப்பதற்கு முன்பே ஒரு பெரியவர் வந்து, விட்டுப்போன தொழுகைக்கு ஃபித்யா கணக்குப் போட்டு ஒரு தொகையைச் சொன்னார். கடைசி 22 நாள் ஐசியுவில் நினைவில்லாமல் இருந்தார்கள், அந்த நாட்களையும் சேர்த்தார். நாளுக்கு ஆறு ஃபித்யா, 132. அழுதுகொண்டே கொடுத்தோம். அந்தப் பணம் யாருக்குப் போனது என்று இன்றுவரை தெரியாது. அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஓதியவன் | வியாழன், இரவு 10:05

அம்மாவை அல்லாஹ் மன்னிப்பானாக. ஒரு நாளுக்கு மேல் தொடர்ந்து நினைவில்லாமல் போனால் அந்த நாட்களின் தொழுகை ஹனஃபியில் கடமையாகவே இல்லை, களாவும் இல்லை, ஃபித்யாவும் இல்லை. அந்த 132 தேவையே இருக்கவில்லை. மற்ற தொழுகைகளுக்கு ஃபித்யா கொடுக்கச் சொல்லி மையித்து (இறந்தவர்) வஸிய்யத் (மரண சாசனம்) செய்திருந்தால் சொத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் கொடுக்க வேண்டும். வஸிய்யத் இல்லையென்றால் பிள்ளைகள் விரும்பினால் கொடுக்கலாம், கட்டாயம் கிடையாது. அதுவும் ஏழைக்கு. ஜனாஸா கிடக்கும்போது கணக்குப் போடுவது சட்டம் இல்லை, பழக்கம். கொடுத்தது ஏழையிடம் சேர்ந்திருந்தால் சதகாவாக (தர்மமாக) சேரும், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கரைவலை | மூன்று மாதம் கழித்து, ஞாயிறு, காலை 7:05

எல்லோருக்கும் ஸலாம். பதில் எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன், மன்னிக்கவும். களா செய்கிறேன். சுவனவழி காக்கா சொன்னதையும் புறக்கணிக்கவில்லை. அவர் சொல்வது சரியாகவே இருந்தாலும் நான் தொழுதவை நஃபிலாகவாவது போகும் என்று நினைத்துக்கொள்கிறேன். அவர் ஒப்புக்கொள்வாரா தெரியாது.

அலமாரிக் கதவு யோசனை பிடித்திருந்தது, ஆனால் வாடகை வீடு. மகளின் பழைய அட்டை ஒன்று பாதி காலியாகக் கிடந்தது, அதன் பின்பக்கம் எழுதுகிறேன். சுப்ஹு 88, லுஹர் 71, அஸர் 64, மஃரிப் 90, இஷா 83. அஸர் இன்னமும் ஆபீசில்தான் மாட்டிக்கொள்கிறது. மொத்த எண்ணை எங்கும் எழுதவில்லை.

ஒரு சந்தேகம். போன வாரம் ஊருக்கு ரயிலில் வந்தபோது அஸர் ஒன்று போய்விட்டது. பயணத்தில் விட்டதை வீட்டில் களா செய்தால் இரண்டு ரக்அத்தா, நாலு ரக்அத்தா?

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 7:40

ஹனஃபியில் இரண்டு. பயணத்தில் விட்டது பயணக் கணக்கில்தான்.

ஓதியவன் | ஞாயிறு, காலை 7:52

ஷாஃபிஈயில் வீட்டுக்கு வந்துவிட்டால் நாலு.

ஆதாரமா சுவனவழி | ஞாயிறு, காலை 8:30

ரயிலில் ஏன் தொழவில்லை? இருக்கையில் உட்கார்ந்தாவது தொழுதிருக்கலாமே. (நஃபிலாகப் போகும் என்றது பற்றி: இன்ஷா அல்லாஹ்.)

கரைவலை | ஞாயிறு, காலை 8:41

தூங்கிவிட்டேன் காக்கா. இந்தத் தடவை நிஜமாகவே தூக்கம். வாப்பா ஷாஃபிஈ, அதனால் நாலு. இப்போதே தொழுதுவிட்டு வருகிறேன்.

மூணாவது ஷிஃப்ட் | ஞாயிறு, காலை 9:15 (சவூதி நேரம்)

சுப்ஹு 3.